கை நுழைய இடமில்லாத பாசறை: ஒரு வார்கேமிங் டயோரமா குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான்கு பேர் கொண்ட ஒரு வார்கேமிங் (பொம்மைப் படைகளை வைத்துப் போரை மேசையில் ஆடும் விளையாட்டு) குழு, 1476 மார்ச் 2ஆம் தேதி சுவிஸ்காரர்களுக்கும் பர்கண்டியருக்கும் நடந்த கிரான்சன் போரை 28 மி.மீ. உயரப் பொம்மைகளைக் கொண்டு மேசையில் ஆடிப் பார்ப்பது என்று முடிவு செய்தது. ஒருவர் விதிகளைத் தொகுத்து ஆட்டத்தை நடத்தும் நடுவர். இருவர் ஆட்டக்காரர்கள்: பர்கண்டியப் படை என் பொறுப்பில், சுவிஸ் படை மற்றவர் பொறுப்பில். நான்காமவர் பல வருடங்களாக டாங்கி, விமான மாடல்களைச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பழகியவர். கை சுத்தமான வேலைக்காரர், ஆனால் வார்கேமிங்குக்குப் புதியவர். பர்கண்டியப் பாசறையைக் கட்டித் தரும் வேலை அவரிடம் போனது. கீழே அவரைக் ‘கட்டியவர்’ என்றே குறிப்பிடுகிறேன்.

இந்தப் போருக்குப் பாசறை அவசியம். பர்கண்டியின் கோமகன் சார்லஸ், நெஷாத்தெல் ஏரிக்கரையில் உள்ள கிரான்சன் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்தார். சரணடைந்த காவல்படையைத் தூக்கிலிட்டும் ஏரியில் மூழ்கடித்தும் கொன்றார். காப்பாற்றப் புறப்பட்டு வந்த சுவிஸ் படை பிந்திவிட்டது. போர் தொடங்கியதும் சார்லஸ் தன் முன்னணியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். பீரங்கிகளுக்கு வழி விடுவதும், சுவிஸ்காரர்களைச் சமவெளிக்கு இறங்க வைப்பதும் நோக்கம். அதே நேரத்தில் சுவிஸ் படையின் பெரும் பகுதி காட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது. பின்னால் நின்ற பர்கண்டிய வீரர்கள், முன்னணி தோற்று ஓடி வருகிறது என்று நினைத்துத் தாங்களும் ஓடினார்கள். பாசறை அப்படியே சுவிஸ்காரர்கள் கையில் விழுந்தது: பீரங்கிகள், கூடாரங்கள், வெள்ளிப் பாத்திரங்கள், நகைகள், திரைச்சீலைகள். அவர்களிடம் துரத்திப் போகக் குதிரைப்படையும் போதுமான அளவு இல்லை, கொள்ளையை விட்டுப் போக மனமும் இல்லை. அதனால் தோற்ற படையில் செத்தவர்கள் குறைவு.

ஆகவே நடுவர் எழுதிய விதியின் மையமே பாசறைதான். உள்ளே நுழையும் சுவிஸ் அணி கொள்ளையில் இறங்கும். பகடை சொல்லும்வரை அதை வெளியே இழுக்க முடியாது. அந்த இடைவெளியில் பர்கண்டியர் எத்தனை அணிகளை மேசையை விட்டுப் பத்திரமாக வெளியேற்றுகிறார் என்பதே வெற்றியைத் தீர்மானிக்கும். மேசை 180 × 120 செ.மீ. பாசறைக்கு ஒதுக்கியது 30 × 20 செ.மீ. அணிகள் 60 × 40 மி.மீ. தட்டுகளில் நின்றன, இரண்டு தட்டு சேர்ந்தால் ஓர் அணி.

கட்டியவரிடம் போய்ச் சேர்ந்த தகவல் இவ்வளவுதான்: அளவு, காலம், எந்தப் படை. கொள்ளை விதி அப்போது இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை.

முதல் கட்டுமானம்

அவர் முதலில் செய்தது படங்களைத் தேடியது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குச் சற்றுப் பின்னும் வரையப்பட்ட சுவிஸ் சித்திர வரலாற்று ஏடுகளில் பாசறைக் காட்சிகள் நிறைய உண்டு. வட்டக் கூடாரம், நடுவில் ஒற்றைக் கம்பம், கூம்புக் கூரை, கூரை விளிம்பில் தொங்கும் பல்பல்லான துணி, உச்சியில் கொடி. ஊடே வண்டிகள், பீரங்கிகள், சமையல் நெருப்பு. படத்தில் இருந்தது எல்லாவற்றையும் 30 × 20 செ.மீ.க்குள் கொண்டுவரத் திட்டம் போட்டார்.

அடித்தளத்துக்கு 2 செ.மீ. தடிமனான எக்ஸ்.பி.எஸ். ஃபோமை (கத்தியால் எளிதில் வெட்டக்கூடிய இலேசான பாலிஸ்டைரீன் பலகை) ஒரு மெல்லிய அட்டையின் மேல் ஒட்டினார். அவ்வளவு தடிமன் எதற்கு என்றால், விளிம்பில் அகழி தோண்டி, தோண்டிய மண்ணைக் குவித்ததுபோல் மேடு காட்டுவதற்கு. மூங்கில் குச்சிகளை வெட்டி, நுனியைச் சீவி, மேட்டைச் சுற்றி வேலியாக நட்டார். தரைக்கு வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலந்து பூசி, சலித்த மணலைத் தூவினார்.

கூடாரங்களில்தான் அவர் திறமை தெரிந்தது. முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இரண்டாவது கட்டுமானத்திலும் இது மாறவில்லை.

கூரையின் விட்டம் 7 செ.மீ. 28 மி.மீ. பொம்மையை ஏறத்தாழ 1:60 என்று வைத்துக்கொண்டால் இது 4.2 மீட்டர், ஒரு அதிகாரியின் கூடாரத்துக்குச் சரியான அளவு. சாய்வு நீளம் 4.5 செ.மீ. கூம்பு வேண்டுமென்றால் 4.5 செ.மீ. ஆரமுள்ள வட்டத்திலிருந்து எத்தனை பாகை வெட்டி எடுப்பது? கூரையின் ஆரத்தைச் சாய்வு நீளத்தால் வகுத்து 360ஆல் பெருக்க வேண்டும்: 3.5 ÷ 4.5 × 360 = 280 பாகை. ஒட்டுவதற்கு அரை செ.மீ. கூடுதலாக விட்டு, கெட்டியான வரைதாளில் வெட்டினார். சுவருக்கு 22 செ.மீ. நீளம், 3 செ.மீ. உயரமுள்ள பட்டை; கீழ் விளிம்பு கொஞ்சம் அகன்று நிற்கும்படி அதை லேசாக வளைத்து வெட்ட வேண்டும். இல்லையென்றால் கூடாரம் தகரடப்பா மாதிரி நிற்கும்.

இந்தத் தாள் எலும்புக்கூட்டின் மேல் டிஷ்யூ பேப்பரின் ஒற்றை அடுக்கைப் போர்த்தி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை மென்மையான பிரஷால் தொட்டுத் தொட்டு வைத்தார். தேய்த்தால் கிழிந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே உச்சியிலிருந்து கீழ்நோக்கி விரல் நுனியால் மெல்ல இழுத்துவிட்டால் துணிச்சுருக்கம் தானாக விழுகிறது. காய்ந்ததும் டிஷ்யூ தாளாகத் தெரியவில்லை, நனைந்து உலர்ந்த கித்தானாகத் தெரிந்தது. வாசலில் ஒரு பக்கத் துணியை மடித்துக் கட்டியதுபோல் சுருட்டி வைத்திருந்தார். உள்ளே ஒரு பெட்டியின் மூலை மட்டும் தெரியும்.

கோமகனின் அணியைச் சேர்ந்த ஒரு கூடாரத்துக்கு நீலமும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடித்தார். சார்லஸின் நிரந்தரப் படையினர் பாதி நீலம், பாதி வெள்ளை மேலங்கியில் சிவப்பு நிறப் புனித அந்திரேயா சிலுவையை அணிந்தவர்கள் என்பதால் இந்த நிறத் தேர்வு. பட்டைகளை உச்சியிலிருந்து பென்சிலால் கோடிழுத்துப் பிரிக்கும்போது எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 15 என்று பிரித்தால் கடைசியில் இரண்டு நீலம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அவர் 16 வைத்தார். மற்ற மூன்று கூடாரங்களும் வெறும் கித்தான் நிறம்: பழுப்பு கலந்த வெள்ளை, மடிப்புகளில் மெல்லிய வாஷ் (நீர்த்த அடர்நிறப் பூச்சு), அடி விளிம்பில் அரை செ.மீ. உயரத்துக்குச் சேறு.

கடைசியாகத் தையல் நூலில் மெழுகு தேய்த்து, ஒவ்வொரு கூடாரத்துக்கும் எட்டு இழுகயிறு கட்டி, பல்குத்தும் குச்சியில் வெட்டிய முளைகளில் இறுக்கினார். சமையல்காரர், வாளியோடு ஒரு வேலைக்காரர், கட்டிய குதிரை இரண்டு, ஒரு வண்டி, நெருப்பின் மேல் தொங்கும் பானை எல்லாம் ஒட்டப்பட்டன.

கொண்டு வந்து மேசையில் வைத்தபோது ஐந்து நிமிடம் யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. போட்டோதான் எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஒத்திகை ஆட்டத்தில் கண்டவை

நடுவர் ஓர் ஒத்திகை வைத்தார். பாசறைக்கு எதிரே சுவிஸ் ஈட்டியணி ஒன்று, காவலுக்குப் பர்கண்டிய வில்லாளிகள் ஓர் அணி, அவ்வளவுதான்.

முதல் சிக்கல் உடனே தெரிந்தது. சுவிஸ் ஈட்டியின் நீளம் ஏறக்குறைய 5 மீட்டர். மேசையில் அது 8 செ.மீ. கம்பி. முன்வரிசையினர் ஈட்டியைத் தாழ்த்திப் பிடித்திருப்பதால், தட்டின் முன்விளிம்பைத் தாண்டி நாலைந்து செ.மீ.க்கு ஈட்டிமுனைகள் நீட்டிக்கொண்டு நிற்கும். தட்டு வேலியை நெருங்கும் முன்பே முனைகள் வேலிக்குள் போய், இழுகயிறுகளில் மாட்டிக்கொண்டன. எடுக்கப் போனபோது ஒரு கயிறு முளையோடு வந்துவிட்டது.

சரி, நுழைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம் என்று நடுவர் அணியைத் தூக்கி உள்ளே வைக்கப் பார்த்தார். வைக்க இடமில்லை. நான்கு கூடாரம், வண்டி, குதிரைகள், நெருப்பு போக மிச்சமிருந்த வெற்றுத்தரை, 60 × 80 மி.மீ. அணி ஒன்று நேராக நிற்கப் போதவில்லை. சாய்த்து வைத்தால் தட்டின் ஒரு மூலை மேட்டில் ஏறி நின்று மொத்த அணியும் பின்னால் சாய்ந்தது. சுவிஸ் ஆட்டக்காரர் கையைப் பாசறைக்கு மேலே அப்படியே நிறுத்திக்கொண்டு கேட்டார்: “அண்ணே, கையை எங்கே வைக்கிறது?”

அந்தக் கேள்விக்கு அந்த மாடலில் பதில் இல்லை. கூடாரங்களுக்கு இடையே ஒரு விரல்தான் போகும். விழுந்த பகடையை எடுக்க இடுக்கி தேவைப்பட்டது.

மூன்றாவது, மெதுவாகத் தெரிந்த ஒன்று. தண்ணீர் கலந்த பசை காயும்போது சுருங்குகிறது. மேற்பக்கம் மட்டும் சுருங்கியதால் அட்டையும் ஃபோமும் சேர்ந்து வளைந்து நான்கு மூலைகளும் மேலே தூக்கிவிட்டன. அரை செ.மீ. இருக்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் இது தெரியவே தெரியாது. மேசையில் மூலையைத் தொட்டால் பாசறை முழுவதும் ஆடியது.

நல்ல விஷயமும் ஒன்று இருந்தது, அதையும் எழுத வேண்டும். ஒத்திகை முழுவதும் எல்லார் கண்ணும் பாசறையின் மேலேயே இருந்தது. பாசறை என்று எழுதிய ஓர் அட்டையை வைத்திருந்தால் அந்தக் கவனம் வந்திருக்காது. கொள்ளை விதி வேலை செய்ய வேண்டுமானால், எதிராளிக்கு அந்த இடத்தின் மேல் ஓர் ஆசை வர வேண்டும். அந்த ஆசையை முதல் மாடல் உண்டாக்கியது. உள்ளே விடத்தான் அதனால் முடியவில்லை.

பேச்சும் முடிவுகளும்

மூன்று யோசனைகள் மேசைக்கு வந்தன.

நடுவர் சொன்னது எளிது: மாடலைத் தொட வேண்டாம், விதியை மாற்றுவோம். பாசறையின் விளிம்பைத் தட்டு தொட்டால் நுழைந்ததாகக் கணக்கு. பல விதித்தொகுப்புகளில் இப்படித்தான் நடக்கிறது, அதில் தவறேதும் இல்லை. ஆனால் ஆட்டக்காரர்களான நாங்கள் இருவரும் ஒப்பவில்லை. கொள்ளையில் இறங்கிய அணி எத்தனை சுற்று அங்கேயே கிடக்கிறது என்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். அது வெளியே விளிம்பில் நின்றால், கொள்ளையில் இருக்கிறதா சும்மா நிற்கிறதா என்று ஒவ்வொரு சுற்றும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சுவிஸ் ஆட்டக்காரர், இந்த மாடலை அலமாரியில் வைத்துவிட்டு மேசைக்கு நாலு கூடாரம் மட்டும் தனியாக வைத்துக்கொள்ளலாம் என்றார். கட்டியவருக்கு இது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் இது வீணாகப் பட்டது.

மூன்றாவது யோசனை கட்டியவருடையதே. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சுவிஸ் அணியின் தட்டை வாங்கி, தாளில் 30 × 20 செவ்வகம் வரைந்து, தட்டை அதன் மேல் வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். காவல் அணிக்கு இன்னொன்று. ஈட்டிகளுக்கு முன்னால் 5 செ.மீ. அதற்குப் பிறகு மிச்சம் எவ்வளவு என்று பார்த்தார். மூலையில் ஏறத்தாழ 10 × 6 செ.மீ. ஒரு துண்டும், பின் விளிம்பில் ஒரு பட்டையும் மிஞ்சின. “இந்த மூலை எனக்கு, மீதி உங்களுக்கு” என்றார். வண்டி, நெருப்பு, சமையல்காரர், குதிரைகள் எல்லாம் அந்த மூலையில் நிரந்தரமாக ஒட்டப்படும். மற்ற இடம் வெறுந்தரை. அதன் மேல் கூடாரங்கள் நிற்கும், தேவைப்பட்டால் எடுக்கலாம்.

காட்சி மாடல் செய்பவர்களுக்கு வெற்றிடம் என்றால் இன்னும் முடியாத வேலை. வார்கேமிங்கில் வெற்றிடமும் ஓர் உறுப்பு. அது எவ்வளவு வேண்டும் என்பதைக் கூடாரத்தின் அழகு தீர்மானிப்பதில்லை, தட்டின் அளவும் கையின் அளவும்தான் தீர்மானிக்கின்றன. இந்தத் தாள் வரைபடத்தை முதலிலேயே வரைந்திருந்தால் ஒத்திகையே தேவைப்பட்டிருக்காது. ஆனால் அவருக்குத் தட்டின் அளவை யாரும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மேட்டையும் அகழியையும் விட்டுவிடுவது என்றும் முடிவானது. கட்டியவர் இதற்கு மட்டும் கொஞ்சம் வாதாடினார். 1:60 கணக்கில் 30 × 20 செ.மீ. என்பது 18 × 12 மீட்டர். ஆயிரக்கணக்கானோர் தங்கிய ஒரு பாசறையில் இது ஒரு சந்து மட்டுமே, சந்துக்கு நாலு பக்கமும் அகழி எதற்கு என்று நடுவர் கேட்டதும் விட்டுவிட்டார்.

இரண்டாவது கட்டுமானம்

அடித்தளம் 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகை (மரநாரை அழுத்திச் செய்தது). விளிம்புகளை உப்புத்தாளால் சாய்வாகத் தேய்த்ததால் தட்டு தடுக்காமல் ஏறுகிறது. வளையாமல் இருக்க, மணல் ஒட்டுவதற்கு முன்பு பலகையின் இரண்டு பக்கமும் நீர்த்த பசையைப் பூசிக் காயவிட்டார். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கமும் அதே அளவு இழுத்துச் சமன் செய்துவிடும். மணல் காயும்போது மேலே ஒரு கனமான புத்தகம், இடையே ஒட்டாத பிளாஸ்டிக் தாள். இந்தமுறை பலகை நேராக இருந்தது.

பழைய மாடலில் இருந்த கூடாரங்களை அடியோடு வெட்டி எடுத்தார். எக்ஸ்.பி.எஸ். மென்மையானது என்பதால் கட்டர் எளிதாகப் போனது. கூடாரம் எதுவும் கிழியவில்லை. ஒவ்வொன்றையும் சுவரை விட ஒரு செ.மீ. அகலமான வட்டத் தட்டில் ஒட்டி, கயிறுகளை அந்தத் தட்டின் விளிம்புக்குள்ளேயே அடங்கும்படி குறுக்கிக் கட்டினார். உண்மையான கூடாரத்தில் கயிறு இன்னும் தூரம் போகும். ஆனால் கை படும் இடத்தில் கயிறு இருக்கக்கூடாது என்பது இப்போது விதி. எட்டுக் கயிறு நான்காகக் குறைந்தது. பார்ப்பதற்கு யாருக்கும் குறை தெரியவில்லை.

தட்டின் அடியில் சிறு நியோடிமியம் காந்தம், பலகையில் அதற்கு நேராகக் குழி தோண்டி இரும்பு வாஷர். இரண்டு பக்கமும் காந்தம் வைத்தால் துருவம் பார்த்துப் பார்த்து ஒட்ட வேண்டியிருக்கும், ஒன்று மாறினால் அந்தக் கூடாரம் அந்த இடத்தில் உட்காராது. இரும்புக்கு அந்த வம்பில்லை, எந்தக் கூடாரமும் எந்த இடத்திலும் நிற்கும். வாஷரின் மேல் ஒரு மெல்லிய அடுக்குக்கு மேல் மணல் போடக்கூடாது. தடிமன் கூடினால் பிடிப்பு குறைந்துவிடும். ஒரு கூடாரத்தைத் தூக்கியபோது காந்தம் மட்டும் பலகையிலேயே தங்கிவிட்டது. காந்தத்தின் வழவழப்பான பூச்சில் பசை பிடிக்கவில்லை. உப்புத்தாளால் சுரண்டி மறுபடி ஒட்டியதும் நின்றது.

வேலி தனித்தனித் துண்டுகளானது. ஒவ்வொன்றும் 6 செ.மீ., அதாவது ஒரு தட்டின் அகலம். சுவிஸ் அணி எந்தப் பக்கம் மோதுகிறதோ அந்தத் துண்டை எடுத்துவிட்டு உள்ளே போகலாம்.

தரை வேலையில்தான் கட்டியவருக்கு மறுபடி உற்சாகம் வந்தது. வெறுந்தரை என்றால் வெறுமையான தரை அல்ல என்று அவர் முடிவு செய்திருந்தார். பலர் கால் வைக்கும் இடத்தில் புல் இருக்காது. ஆகவே நடுப்பகுதிக்கு அடர் பழுப்பு, அதன் மேல் இரண்டு தரம் வெளிர் நிறத்தில் டிரை பிரஷ் (கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷால் மேடுகளில் மட்டும் நிறம் தடவுவது), அவ்வளவுதான். மார்ச் மாதம் என்பதால் வண்டிச்சக்கரத் தடத்தைப் பசை ஈரமாக இருக்கும்போதே உருட்டி எடுத்து, அதற்குள் மட்டும் பளபளப்பு வார்னிஷ் விட்டுத் தேங்கிய நீராக்கினார். புல் எங்கே மிஞ்சும்? கால் படாத இடத்தில்: வேலி ஓரத்தில், முளைகளைச் சுற்றி, வண்டிக்கு அடியில். அங்கே மட்டும் வெளிறிய நிற ஸ்டாட்டிக் கிராஸ் (மாடல்களுக்கான செயற்கைப் புல் இழை). குதிரைகளுக்கு முன்னால் கொஞ்சம் வைக்கோல். கூடாரத்தை எடுத்தால் அதன் அடியில் நசுங்கி மஞ்சளான புல் வட்டம் இருக்கும்படி வாஷரைச் சுற்றி நிறத்தை மாற்றியிருந்தார். யாரும் கேட்காமல் அவராகச் செய்தது இது. பின்னால் இதுதான் ஆட்டத்தில் பெரிதாக உதவியது.

வார்னிஷில் ஒரு சறுக்கல். காற்றில் ஈரம் அதிகமாக இருந்த நாளில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்ததால் இரண்டு கூடாரங்கள் பூஞ்சை பிடித்ததுபோல் வெளுத்துவிட்டன. பிரஷால் பளபளப்பு வார்னிஷ் ஒரு கை பூசியதும் நிறம் திரும்பியது. அதற்கு மேல் மேட் வார்னிஷையும் பிரஷாலேயே பூசினார். ஃபோம் அடித்தளமாக இருந்திருந்தால் ஸ்ப்ரேயை நினைத்தே பார்த்திருக்க முடியாது, அதிலுள்ள கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடும். எம்.டி.எஃப்.க்கு மாறியதில் அந்தப் பயம் போனது.

விளைவு

ஆட்டத்தில் என் பர்கண்டியப் படை வரலாற்றில் நடந்ததைவிடக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. பிறகு இடப்பக்கம் உடைந்தது. ஒரு சுவிஸ் அணி வேலியை அடைந்தது. ஒரு துண்டை எடுத்தோம். அணி உள்ளே போய் நேராக நின்றது. ஈட்டி எதிலும் மாட்டவில்லை. கை நுழைந்தது, வெளியே வந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் வேலை முடிந்ததற்கு அடையாளம்.

எதிர்பாராதது அதற்குப் பிறகு நடந்தது. கொள்ளைக்கு நடுவர் வட்ட வில்லைகளை வைத்திருந்தார். சுவிஸ் ஆட்டக்காரர் முதல் கொள்ளைப் பகடையை உருட்டி வென்றதும், வில்லையை எடுக்காமல் பக்கத்திலிருந்த கூடாரத்தையே பிடுங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அடியில் நசுங்கிய புல் வட்டம் தெரிந்தது. நடுவர் சிரித்துவிட்டு வில்லைகளை டப்பாவில் போட்டார். அன்றிலிருந்து கணக்கு அதுதான்: ஒரு கூடாரம் போனால் ஒரு கொள்ளை. பட்டை போட்ட கூடாரத்துக்கு இரட்டை மதிப்பு. அந்த நீல வெள்ளைக் கூடாரம் இன்னும் நிற்கிறது என்பதற்காக, துரத்த வேண்டிய இரண்டாவது அணியையும் அவர் பாசறைப் பக்கம் திருப்பினார். என் கனரகக் குதிரைப்படை அந்த நேரத்தில் மேசையை விட்டு வெளியேறியது. பாசறை போயிற்று, படை தப்பியது. புள்ளிக் கணக்கில் தோல்விதான், ஆனால் நெருக்கமான தோல்வி.

சேதமும் உண்டு. எல்லாரும் கூடாரத்தை உச்சியைப் பிடித்தே தூக்கினோம். அதுதான் கைக்கு எளிது. ஆட்டம் முடிந்தபோது இரண்டு கூரைகளின் நுனி அமுங்கியிருந்தது. கட்டியவர் ஒவ்வொன்றின் உச்சியிலும் பல்குத்தும் குச்சி ஒன்றைத் தட்டுவரை செலுத்தி, மேலே ஒரு பாசிமணியை ஒட்டித் தங்க நிறம் அடித்தார். கம்பத்தின் முடி போலவும் இருக்கிறது, கைப்பிடியாகவும் இருக்கிறது.

ஒரு குறையை அவர் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்: மேலிருந்து பார்த்தால் நடுப்பகுதி காலியாகத் தெரிகிறது. உண்மைதான். போட்டோவில் முதல் பாசறைதான் அழகு. அவர் மூலையில் வைத்த சமையல் நெருப்பை மட்டும் நெருக்கமாக எடுத்தால் இரண்டாவதும் தோற்காது.

அடுத்த முறை மாற்றப்போவது

கூடாரங்களின் விட்டத்தை 7 செ.மீ.லிருந்து 6ஆகக் குறைப்பது. ஒரு செ.மீ. போனால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நான்கு கூடாரத்துக்கும் சேர்த்து ஒரு தட்டு நிற்கும் இடம் கிடைக்கிறது. கூடாரங்களுக்கு இடையே குறைந்தது 4 செ.மீ.; இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். அப்புறம், அடித்தளத்தை வெட்டியதும் வேறு எதையும் ஒட்டுவதற்கு முன்பு, உண்மையான அணிகளை அதன் மேல் வைத்து இரண்டு சுற்று ஆடிப் பார்ப்பது. இது நடுவரின் வேலையாகிவிட்டது. தட்டின் அளவு, ஈட்டியின் நீட்டம், எத்தனை அணி உள்ளே வரலாம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே கட்டுபவரிடம் கொடுப்பதும் அவரே.

சாதாரண வீரர்களின் தங்கல் எதுவும் இந்தப் பாசறையில் இல்லை. நான்கும் வட்டக் கூடாரங்கள், எல்லாம் வசதியானவர்களுடையவை. படையில் பெரும்பாலானோருக்குக் கிடைத்தது இரண்டு கவைக்குச்சியும் மேலே ஒரு துணியும், அல்லது தழையும் வைக்கோலும் போட்ட குடிசை. அவற்றை உயரம் குறைவாக, பின் விளிம்புப் பட்டையில் வரிசையாக வைத்தால் கைக்கும் தடையில்லை, அந்தக் காலியான தோற்றமும் குறையும். கட்டியவர் இதற்குச் சணல் நாரை வெட்டி மாதிரி செய்து வைத்திருக்கிறார்.

அடுத்து ஆடப்போவது அதே ஆண்டு ஜூன் 22இல் நடந்த முர்ட்டென் போர். அங்கே பர்கண்டியர் பாசறையைவிட அதன் முன்னே போட்ட வேலி அரணுக்குத்தான் முக்கியத்துவம். இப்போதுள்ள 6 செ.மீ. வேலித் துண்டுகள் அதற்கு அப்படியே பொருந்தும். எண்ணிக்கையை மட்டும் கூட்ட வேண்டும், ஜூன் மாதம் என்பதால் தரைக்குப் பச்சை கூட வேண்டும். பலகையையும் கூடாரங்களையும் மாற்றப் போவதில்லை.